அயர்லாந்தின் பழைய செய்தித்தாள்களில் குடும்ப வரலாற்றைத் தேடுதல் – விவாத இழை

அல்லி (கார்க்)

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் அயர்லாந்துக்காரர். அவருடைய தாய்வழி முன்னோர், மேற்குக் கார்க்கில் ஸ்கிபரீன் நகருக்குத் தெற்கே, பால்டிமோர் துறைமுகத்தை ஒட்டிய கடலோரச் சிற்றூர்களில் வாழ்ந்த ஓ'டிரிஸ்கால் குடும்பத்தார். என் மாமியாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. தம் கொள்ளுத்தாத்தா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்பது மட்டுமே வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டது என்றும், அது மெய்தானா, எப்போது நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவர் விரும்புகிறார்.

இதுவரை கிடைத்தவற்றைச் சொல்கிறேன். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கொள்ளுப்பாட்டி விதவையாகவும் குடும்பத் தலைவியாகவும் பதிவாகியிருக்கிறார். கத்தோலிக்கப் பங்கின் (கோயில் வட்டாரத்தின்) ஞானஸ்நானப் பதிவேடுகளை வைத்தும் அரசுப் பிறப்புப் பதிவுகளை வைத்தும் பார்த்தால், கடைசிக் குழந்தை 1884இல் பிறந்திருக்கிறது. எனவே கணவர் இறந்தது இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். ஆனால் மரணப் பதிவுகளில் அதே பெயரில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் எங்கள் ஊரைச் சேர்ந்தவர் அல்லர். பழைய செய்தித்தாள்களில் தேடலாம் என்று எண்ணுகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழஞ்சுவடி (டப்ளின்)

அல்லி அவர்களுக்கு வணக்கம். அயர்லாந்து முன்னோரைத் தேடுகிறவர்களுக்குச் செய்தித்தாள் ஏன் இவ்வளவு இன்றியமையாதது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால்தான் அதனிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது என்பதும் புரியும்.

1922 ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போர் மூண்ட சில நாள்களிலேயே, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்துத் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு கணக்கெடுப்புகளின் வீட்டுப் படிவங்களில் சிற்சில துண்டுகள் தவிர அனைத்தும், பல நூற்றாண்டுகளின் உயில்களும், புராட்டஸ்டண்ட் பிரிவான அயர்லாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகளில் பாதிக்கு மேற்பட்டவையும் அன்று அழிந்தன. 1861, 1871 படிவங்களை அரசே அதற்கு முன்னர் அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. பிரித்தானிய ஆட்சிக் காலத்துக் கணக்கெடுப்புகளில் நாடு முழுமைக்கும் எஞ்சியிருப்பவை 1901, 1911 ஆகிய இரண்டு மட்டுமே. அரசின் பிறப்பு, இறப்புப் பதிவும் 1864இல்தான் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதாரின் திருமணங்கள் மட்டும் 1845 முதல் பதிவாகின. கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானமும் திருமணமும் எழுதி வைக்கப்பட்ட அளவுக்கு அடக்கம் எழுதி வைக்கப்படவில்லை. ஆக, 1864க்கு முன் ஒருவர் இறந்த நாளை அறியக் கல்லறைக் கல்லையும் செய்தித்தாளையும் விட்டால் பெரும்பாலும் வேறு வழி கிடையாது.

உங்கள் தேடல் 1884க்குப் பிந்தியது என்பதால் அந்த இடர்ப்பாடு உங்களுக்கு இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. கடலில் மூழ்கியவரின் உடல் கரையொதுங்கினால் கொரோனர் என்ற சாவு விசாரணை அதிகாரி மரண விசாரணை நடத்துவார். அவர் அனுப்பும் சான்றை வைத்து இறப்பு பதிவாகும். உடல் கிடைக்காவிட்டால் விசாரணைக்கே இடமில்லை. பல வேளைகளில் மரணப் பதிவும் இராது. நீங்கள் பதிவேட்டில் அவரைக் காணாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் அந்தச் சாவுக்கு எழுத்துச் சான்று இருக்கக்கூடிய இடம் செய்தித்தாள்தான்.

தேடும் முறையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெயரைத் தட்டித் தேடாதீர்கள். ஊரையும் நிகழ்ச்சியையும் தட்டித் தேடுங்கள். மேற்குக் கார்க்கில் ஓ'டிரிஸ்கால் என்று தேடினால் வருவது கடலளவு. அதைவிடப் பெரிய சிக்கல், எழுத்துணரி மென்பொருள் பழைய அச்சை வாசிக்கும் விதம். மை கசிந்த பக்கம், மடிப்பில் மறைந்த வரி, நுண்படச் சுருளில் விழுந்த கீறல் எல்லாம் சேர்ந்து பெயர்களைச் சிதைத்துவிடும். பெயரின் முன்னுள்ள ஓ என்பதை அக்காலத்து அச்சுக்கோப்பாளர்கள் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். மக் என்ற முன்னொட்டை ஓரெழுத்தும் ஒரு தலைகீழ்க் காற்புள்ளியுமாகச் சுருக்கினார்கள். அதனால் மக்கார்த்தி போன்ற பெயர்கள் தேடுபொறியில் இரண்டாக உடைந்து நிற்கும். ஊர்ப்பெயரும் பிழைபடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு விபத்துச் செய்தியில் பால்டிமோர், ஷெர்கின் தீவு, ஸ்கிபரீன் என்று பல ஊர்ப்பெயர்கள் வரும். அவற்றுள் ஒன்றாவது ஒழுங்காக வாசிக்கப்பட்டிருக்கும்.

உங்கள் வட்டாரத்துக்கு உரிய ஏடுகள் என்று பார்த்தால், 1841இல் தொடங்கிய கார்க் எக்சாமினர், பிரித்தானியாவோடு இணைந்திருக்க விரும்பிய ஒன்றியவாதிகளின் குரலாக இருந்த கார்க் கான்ஸ்டிடியூஷன், 1857இல் தொடங்கிய ஸ்கிபரீன் ஈகிள், 1889 முதல் சதர்ன் ஸ்டார் ஆகியவை. ஈகிள் ஏட்டின் தலைப்பு காலப்போக்கில் சிலமுறை மாறியது. எனவே ஒரே தலைப்பில் தேடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இணையத்தில் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ், ஐரிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்ஸ் ஆகிய இரண்டுமே கட்டணத் தளங்கள். ஒன்றில் இல்லாத ஏடும் ஆண்டும் மற்றொன்றில் இருக்கும். கட்டணம் கட்டுமுன் உங்கள் ஏடு எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை ஏற்றப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நடுவில் சில ஆண்டுகள் விடுபட்டிருப்பது வழக்கம். அயர்லாந்தின் பல பொது நூலகங்களிலும், டப்ளின் கில்டேர் தெருவிலுள்ள தேசிய நூலகத்திலும் காசில்லாமல் பார்க்க வசதியுண்டு.

செங்காந்தள் (லண்டன்)

பழஞ்சுவடி ஐயா சொன்னதை மறுக்கவில்லை. இருந்தாலும் அல்லி அவர்கள் வீண் நம்பிக்கை கொள்ளக்கூடாது என்பதற்காக ஓர் ஐயத்தை முன்வைக்கிறேன். அக்காலச் செய்தித்தாள் பணக்காரர்களின் ஏடு. பிறப்பு, திருமணம், இறப்பு அறிவிப்புகளுக்குக் காசு கொடுத்தவர்கள் நிலக்கிழார்கள், வணிகர்கள், வழக்கறிஞர்கள், இராணுவ அதிகாரிகள், குருமார்கள். அவற்றிலும் பிறப்பு அறிவிப்பில் தாயின் பெயர் இராது. "இன்னாரின் துணைவியார் ஒரு மகனை ஈன்றார்" என்பதோடு முடிந்துவிடும். பிள்ளையின் பெயரும் இராது. மேற்குக் கார்க்கின் ஒரு மீனவக் குடும்பத்துக்கு இதில் என்ன கிடைக்கப்போகிறது? மாதச் சந்தா கட்டி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

பழஞ்சுவடி (டப்ளின்)

செங்காந்தள் அவர்களின் ஐயம் அறிவிப்புப் பத்தியைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. செய்தித்தாள் மீதான முத்திரை வரி 1855இல் நீக்கப்படும் வரை ஏட்டின் விலையே எளியவர்களுக்கு எட்டாததாக இருந்தது. விளம்பர வரி 1853 வரை இருந்தது. இவை நீங்கியபின்தான் சிறுநகரங்களில் வார ஏடுகள் பெருகின. ஸ்கிபரீனில் 1857இல் ஓர் ஏடு தோன்றியதற்கும் இந்த வரிநீக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

ஆனால் ஏழைகள் செய்தித்தாளில் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். அறிவிப்புப் பத்தியில் இல்லை; மற்ற பத்திகளில் இருக்கிறார்கள். பெட்டி செஷன்ஸ் எனப்படும் கீழ்நீதிமன்றத்தில், அடுத்தவன் வயலில் கழுதையை மேயவிட்டதற்காகவும், குடித்துவிட்டுச் சாலையில் கிடந்ததற்காகவும், உரிமமின்றி நாய் வளர்த்ததற்காகவும் தண்டம் கட்டியவர்களின் பெயர்கள் வாரந்தோறும் அச்சாகின. 1881ஆம் ஆண்டு நிலச் சட்டத்துக்குப் பின், நில ஆணையத்தின் நீதிமன்றங்கள் நியாய வாரம் (குத்தகைத் தொகை) நிர்ணயித்தபோது, குத்தகைதாரர் பெயர், நிலக்கிழார் பெயர், பழைய வாரம், புதிய வாரம் என்று நீண்ட பட்டியல்களை உள்ளூர் ஏடுகள் வெளியிட்டன. அமீனாவும் காவலரும் வந்து குடியானவர்களை வீட்டிலிருந்து வெளியேற்றியபோது, அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எவ்வளவு வாரப் பாக்கி, அன்றிரவு எங்கே தங்கினார்கள் என்பதையெல்லாம் தேசியவாத ஏடுகள் விரிவாக எழுதின. கத்தோலிக்கர் உரிமைக்காகப் போராடிய தலைவர் டேனியல் ஓ'கானல் 1824இல் தொடங்கிய மாதம் ஒரு பென்னி நன்கொடைத் திட்டத்திலிருந்து தொடங்கி, பங்குவாரியான நன்கொடைப் பட்டியல்கள் ஏடுகளில் வந்துகொண்டே இருந்தன. இவர்களெல்லாம் அறிவிப்புக்குக் காசு கட்டியவர்கள் அல்லர்.

உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்த பெரும் பஞ்சக் காலத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அதையும் சொல்ல வேண்டும். 1846, 1847ஆம் ஆண்டுகளில் ஸ்கிபரீன் உலகச் செய்தியானது. கார்க் நகர நீதிபதி நிக்கலஸ் கம்மின்ஸ், அவ்வட்டாரத்தில் தாம் கண்ட கொடுமையை வெலிங்டன் பிரபுவுக்கு எழுதிய கடிதம், 1846 டிசம்பர் 24ஆம் நாள் லண்டன் டைம்ஸ் ஏட்டில் வந்தது. ஸ்கிபரீன் மருத்துவர் டேனியல் டானவன் எழுதிய நாட்குறிப்புகள் சதர்ன் ரிப்போர்ட்டர் ஏட்டில் வந்தன. இவற்றில் சாவு இருக்கிறது, குடிசை இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது; பெயர்கள் மிகச் சிலவே. தொடக்கத்தில் பட்டினியால் இறந்தவர்களுக்கு மரண விசாரணை நடந்தது. அந்த அறிக்கைகளில் பெயரும் ஊரும் உண்டு. சாவு பெருகியபின் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க இயலாமல் போயிற்று. அபிஸ்ட்ரூரி இடுகாட்டின் குழிகளில் கிடக்கும் ஆயிரக்கணக்கானோரைச் செய்தித்தாளில் பெயர் பெயராகத் தேடுவது பயன் தராது.

வடகடல் (பெல்ஃபாஸ்ட்)

தெற்கைப் பற்றியே பேச்சு போவதால் வடக்கிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். அல்ஸ்டர் முன்னோரைத் தேடும் வாசகர்களுக்கு உதவும்.

பெல்ஃபாஸ்ட் நியூஸ் லெட்டர் 1737இல் பிரான்சிஸ் ஜாய் என்பவரால் தொடங்கப்பட்டு இன்றும் வெளிவருகிறது. 1737 முதல் 1800 வரையிலான இதழ்களில் எஞ்சியவற்றுக்கு ஓர் விரிவான பெயர், பொருள் அட்டவணை உருவாக்கப்பட்டு, இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எழுத்துணரியின் தயவில்லாமல் மனிதர் வாசித்துத் தொகுத்தது என்பதால் அதன் அருமையே தனி. பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் நீண்ட வடிவில் வரும் ஆங்கில எஸ் எழுத்தைக் கணினி எஃப் என்றே வாசித்துவிடுகிறது. ஆகவே அந்நூற்றாண்டுக்குக் கணினித் தேடலை மட்டும் நம்புவது ஆபத்து. இன்னொன்று, 1752 வரை ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஜனவரி, பிப்ரவரி மாதத்து இதழ் ஒன்றில் அச்சாகியிருக்கும் ஆண்டை நம் கணக்குக்கு ஓராண்டு கூட்டிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவுக்குப் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு அந்த ஏடு பெரும் துணை. அமெரிக்கத் துறைமுகங்கள் பயணிகள் பட்டியலை ஒழுங்காகப் பெறத் தொடங்கியது 1820இலிருந்துதான். அதற்கு முன் பெல்ஃபாஸ்ட், லார்ன், நியூரி, லண்டன்டெரி துறைகளிலிருந்து புறப்பட்ட கப்பல்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் விளம்பரங்கள் வழியாகத்தான்: கப்பல் பெயர், தலைவன் பெயர், புறப்படும் நாள், எந்தச் சந்தை ஊர்களில் முகவர் வந்து பயணிகளைச் சேர்ப்பார் என்பது வரை அவற்றில் இருக்கும். சில வேளைகளில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பயணிகள், தலைவன் நல்லபடியாக நடத்தினார் என்று கையெழுத்திட்டு அனுப்பிய நன்றிக் கடிதமும் அச்சாகியிருக்கும். உங்கள் முன்னோரின் பெயர் அதன் கீழே இருந்தால் பேறு.

வடக்கில் ஓர் ஏட்டை மட்டும் வாசித்து முடிவுக்கு வரக்கூடாது. ஒரே நகரில் இரு தரப்புக்கும் தனித்தனி ஏடுகள் இருந்தன. டெரி (லண்டன்டெரி) நகரில் 1772இல் தொடங்கிய ஜர்னல் காலப்போக்கில் தேசியவாதிகளின் ஏடானது. 1829இல் தொடங்கிய சென்டினல் ஒன்றியவாதிகளுடையது. பெல்ஃபாஸ்டில் 1891 முதல் ஐரிஷ் நியூஸ் கத்தோலிக்கரின் குரல். ஒரு தெருக்கலவரத்தில் கைதானவர் ஓர் ஏட்டில் கலகக்காரர், மற்றோர் ஏட்டில் அப்பாவி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் அவருடைய வயது, தொழில், முகவரி ஆகியவை முழுமையாகக் கிடைக்கும். ஏனெனில் ஓர் ஏடு தன் தரப்பு மனிதரைப் பற்றித்தான் நுணுக்கமாக எழுதும்.

பொன்மலை (திருச்சி)

எனக்கு இந்த இழை மிகவும் பயன்படுகிறது. எங்கள் தாய்வழியில் ஆங்கிலோ இந்தியத் தொடர்பு உண்டு. முதல் மூதாதை, கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படையில் சேர்ந்து வந்த அயர்லாந்துக்காரர் என்று கேள்வி. அப்படையின் வழிவந்த ராயல் மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் 1881இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்ற அயர்லாந்துப் படையின் ஒரு பகுதியானது என்பது பலருக்குத் தெரியாது. டப்ளின் ஏடுகளில் "மதராஸில் காலமானார்" என்ற அறிவிப்புகள் வருவதாகப் படித்தேன். சாதாரணச் சிப்பாய்க்கு அது கிடைக்குமா?

பழஞ்சுவடி (டப்ளின்)

பொன்மலை அவர்களே, அந்த அறிவிப்புகள் பெரும்பாலும் அதிகாரிகள், மருத்துவர்கள், குருமார்கள் குடும்பத்தாருடையவை. சிப்பாய்க்குக் கிடைப்பது அரிது. உங்களுக்கு முதன்மைச் சான்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்கள். மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகள் அவற்றில் தனி வரிசையாக இருக்கின்றன. அங்கே அவருடைய பிறந்த மாவட்டத்தைக் கண்டுபிடித்தபின் அந்த மாவட்டத்து அயர்லாந்து ஏடுகளுக்கு வாருங்கள். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல் வந்த காலத்தில் மதராஸ் செய்தி டப்ளினை அடையப் பல மாதங்களாகும். இறந்த மாதத்து இதழில் தேடினால் எதுவும் அகப்படாது.

நெடுவழி (பாஸ்டன்)

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் அயர்லாந்து ஏடுகளை மட்டுமே நினைக்கிறார்கள். அயர்லாந்தின் ஊரைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் முதலில் பரிந்துரைப்பது இங்கே பாஸ்டனில் வெளியான பைலட் என்ற கத்தோலிக்க ஏட்டைத்தான். 1831 முதல் 1921 வரை, "காணாமற்போன நண்பர்கள்" என்ற பத்தியில், பிரிந்துபோன உறவினரைத் தேடுவோர் விளம்பரம் கொடுத்தார்கள். அமெரிக்க அரசு ஆவணங்கள் பிறந்த இடம் என்ற கட்டத்தில் "அயர்லாந்து" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். இந்த விளம்பரங்களோ மாவட்டம், பங்கு, சிற்றூர், புறப்பட்ட ஆண்டு, கப்பல் இறங்கிய துறை, கடைசியாக வேலை செய்த கால்வாய் அல்லது இருப்புப்பாதை வரை சொல்லும். தேடும் தங்கையின் திருமணப் பெயரும், அவள் அப்போது குடியிருந்த தெருவும் கடைசி வரியில் இருக்கும். இவற்றைத் தொகுத்த தரவுத்தளம் பாஸ்டன் கல்லூரியின் முயற்சியால் உருவானது.

ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களுக்கு ட்ரோவ், நியூசிலாந்துக்குப் பேப்பர்ஸ் பாஸ்ட் ஆகிய தளங்கள் முற்றிலும் இலவசம். அங்கே இறந்த ஓர் அயர்லாந்துக்காரரின் இரங்கல் குறிப்பில் அவருடைய பிறந்த ஊர் இருக்க நல்ல வாய்ப்புண்டு. "அயர்லாந்து ஏடுகள் எடுத்து வெளியிடுமாறு வேண்டப்படுகின்றன" என்ற வரியும் கீழே இருந்தால், ஊரில் உறவினர் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

அல்லி (கார்க்)

அனைவருக்கும் மிக்க நன்றி. பழஞ்சுவடி ஐயா சொன்ன முறையில் பெயரை விட்டுவிட்டு, பால்டிமோர், படகு, மூழ்கி ஆகிய சொற்களை 1884 முதல் 1890 வரை என்று வரையறுத்துத் தேடினேன். நகர நூலகத்திலேயே உட்கார்ந்து பார்த்ததால் கட்டணமும் இல்லை. ஒரு கார்க் நாளேட்டில், மூன்றாம் பத்தியின் அடியில், சிறு எழுத்தில் ஒரு செய்தி இருந்தது.

"ஸ்கிபரீன், செவ்வாய்" என்று தொடங்குகிறது. சென்ற வெள்ளி இரவு கானாங்கெளுத்தி பிடிக்கச் சென்ற படகொன்று ஷெர்கின் தீவருகே கவிழ்ந்தது. நால்வரில் இருவரின் உடல்கள் கரையொதுங்கின. அவர்களுக்கு மரண விசாரணை நடந்தது. மற்ற இருவர் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களில் ஒருவர் டிரிஸ்கால். ஓ என்ற முன்னொட்டு இல்லை. அதிலும் ஆங்கில ஆர், ஐ ஆகிய இரண்டு எழுத்துகளும் சேர்ந்து என் என்று கணினியில் பதிவாகியிருந்ததால், பெயரைக் கொண்டு தேடியிருந்தால் இந்தச் செய்தி ஒருநாளும் மேலே வந்திருக்காது. அவருக்கு மனைவியும் ஆறு சிறு பிள்ளைகளும் இருப்பதாக எழுதியிருக்கிறது. பெயரோடு ஒரு பட்டப்பெயரும் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை எங்கள் ஞானஸ்நானப் பட்டியலோடு பொருந்துகிறது. மாமியாரிடம் படித்துக் காட்டினேன்; அந்தப் பட்டப்பெயரைத் தம் பாட்டி சொல்லக் கேட்டதாகச் சொல்கிறார். இவர்தான் என்று உறுதியாகக் கொள்ளலாமா?

செங்காந்தள் (லண்டன்)

அல்லி அவர்களே, மனம் நிறைந்த வாழ்த்துகள். பட்டப்பெயர் பொருந்துவது பெரிய செய்தி.

பழஞ்சுவடி (டப்ளின்)

மிகவும் மகிழ்ச்சி. பட்டப்பெயரைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஒரே குடும்பப்பெயரும் ஒரே ஞானஸ்நானப் பெயரும் உடைய பலர் ஒரே பங்கில் வாழ்ந்த மேற்குக் கார்க்கில், முடியின் நிறத்தையோ தந்தையின் பெயரையோ ஒட்டிய பட்டப்பெயர்தான் ஆளை அடையாளம் காட்டியது. அது ஐரிஷ் மொழிச் சொல்லாக இருக்கும். ஆங்கிலம் மட்டுமே அறிந்த நிருபர் காதில் விழுந்தபடி எழுதுவார். ஆகவே எழுத்துக்கூட்டல் உங்கள் மாமியார் சொல்வதோடு ஒத்துப்போகாவிட்டாலும் ஒலி ஒத்துப்போனால் போதும்.

ஆனாலும் உறுதி என்று இப்போதே எழுதிவிடாதீர்கள். ஒரு பட்டப்பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கும், அண்ணனிடமிருந்து தம்பிக்கும் போகும். ஆறு பிள்ளைகள் என்பதும் அக்காலத்தில் அரிதன்று. செய்தித்தாள் தரும் எண்ணிக்கை, படகுத்துறையில் யாரோ ஒருவர் சொன்னதாகவே இருக்கும்.

அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது செய்தித்தாளுக்கு வெளியே இருக்கிறது. 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நிலமதிப்பீட்டுக்குப் பின், அந்த மதிப்பீட்டுப் பதிவேடுகளை அரசு தொடர்ந்து திருத்தி வந்தது. திருத்தப் புத்தகங்கள் டப்ளினிலுள்ள மதிப்பீட்டு அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தன; அந்த அலுவலகம் 2023இல் டால்ச்சே ஏரன் என்ற அரசு அமைப்போடு இணைந்துவிட்டது. நிலமோ வீடோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது, பழைய பெயரை வண்ண மையால் அடித்துவிட்டு, புதிய பெயரை மேலே எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறிப்பார்கள். உங்கள் சிற்றூரின் பக்கத்தில் கணவர் பெயர் அடிக்கப்பட்டு, மேலே மனைவியின் பெயர் எழுதப்பட்டிருந்தால், அந்த ஆண்டு விபத்துக்கு ஓரிரு ஆண்டுக்குள் இருந்தால், ஐயத்துக்கு இடமில்லை.

நாளைக் கணக்கிடும்போதும் கவனம் தேவை. செய்தி எழுதப்பட்ட செவ்வாய் ஒன்று, இதழின் நாள் ஒன்று, விபத்து நடந்த வெள்ளி ஒன்று. மாதத் தொடக்கத்தில் வெளியான இதழில் "சென்ற மாதம் 28" என்ற பொருளில் ஒரு சுருக்கக் குறி வரும். அதை நடப்பு மாதம் என்று கொண்டுவிட்டால் ஒரு மாதம் தவறிப்போகும். இணையத்தில் உலவும் குடும்ப மரங்களில் காணும் நாள்கள் பலவும் இப்படித்தான் பிழைபட்டிருக்கின்றன.

வடகடல் (பெல்ஃபாஸ்ட்)

அல்லி அக்கா, அந்தச் செய்தியோடு நிற்காமல் அடுத்த நான்கைந்து வாரங்களின் இதழ்களையும், குறிப்பாக ஸ்கிபரீன் வார ஏட்டையும், தேடுபொறி இல்லாமல் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். நாளேட்டில் பத்து வரியில் முடிந்தது உள்ளூர் வார ஏட்டில் அரைப்பத்தி ஆகியிருக்கும். மரண விசாரணையில் கரையிலிருந்து பார்த்தவர் கொடுத்த சாட்சியம் அதில் இருக்கலாம்.

பழஞ்சுவடி (டப்ளின்)

வடகடல் சொல்வது முற்றிலும் சரி. இத்தகைய விபத்துகளுக்குப் பின் விதவைகளுக்காக நிதி திரட்டுவதும் வழக்கம். அந்த ஆண்டுகளில் பால்டிமோரின் பங்குத்தந்தை சார்லஸ் டேவிஸ், மீனவர்களுக்காக ஓயாது உழைத்தவர். ஆங்கிலேயக் கொடையாளரான பர்டெட்-கூட்ஸ் சீமாட்டியின் கடனுதவியைப் பால்டிமோரை அடுத்த தீவுகளுக்குப் பெற்றுத் தந்தவர். 1887இல் அங்கே மீன்பிடிப் பள்ளி திறக்கக் காரணமானவர்களில் முதன்மையானவர். அதனால் அக்காலத்துப் பால்டிமோரைப் பற்றி ஏடுகளில் வழக்கத்தைவிட நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. நிதிக்கான வேண்டுகோள் வந்திருந்தால், விதவையின் பெயரும் ஊரும் அதில் இருக்கக்கூடும்.

அல்லி (கார்க்)

திருத்தப் புத்தகத்தின் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். எங்கள் சிற்றூரின் வரிசையில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, அதற்கு மேல் கொள்ளுப்பாட்டியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஓரத்தில் உள்ள ஆண்டு, செய்தி வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. அதே பெயருடைய இன்னொருவர் பக்கத்துச் சிற்றூரில் இருந்திருக்கிறார்; அவருடைய பெயர் 1890களிலும் அடிபடாமல் நிற்கிறது. எனவே அவர் இல்லை.

வார ஏட்டின் அந்த மாதத்து இதழ்கள் இணையத்தில் ஏற்றப்படவில்லை. நுண்படச் சுருள் தேசிய நூலகத்தில் இருப்பதாக அட்டவணை காட்டுகிறது. அடுத்த வாரம் டப்ளின் செல்கிறோம். மரண விசாரணைச் சாட்சியத்தையும் நிதிப் பட்டியலையும் அதில் தேடப் போகிறேன். சுருளிலிருந்து படி எடுக்க அங்கே என்ன நடைமுறை?

பழஞ்சுவடி (டப்ளின்)

முதலில் வாசகர் அட்டை பெற வேண்டும்; அடையாளச் சான்றைக் கையோடு கொண்டு வாருங்கள். சுருளைப் பார்க்கும் கருவியிலிருந்தே பக்கத்தைப் படி எடுக்க முடியும். எடுக்கும் ஒவ்வொரு படியின் பின்னாலும் ஏட்டின் பெயர், இதழின் நாள், பக்கம், பத்தி ஆகிய நான்கையும் அங்கேயே எழுதிவிடுங்கள். செய்தியை மட்டும் வெட்டி எடுக்காமல், தலைப்பும் நாளும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் ஒருமுறை எடுத்து வையுங்கள். மாமியாரும் உடன் வருவதாக இருந்தால் காலையில் வாருங்கள். அப்போது கூட்டம் குறைவாக இருக்கும்.